பீலுவோச்சுன் க்ரீன் டீ: பார்த்து வாங்குறதுல இருந்து டம்ளர்ல போடுற வரைக்கும்

க்ரீன் டீன்னாலே கசப்புன்னு ஒதுக்கி வச்சவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், ஏன்னா அந்த கசப்புல முக்காவாசி இலையால வர்றதில்ல, தண்ணியோட சூட்டால வர்றது. நமக்கு டீன்னா கொதிக்கணும், டிகாஷன் நல்லா இறங்கணும், பால் சேரணும், அப்பதான் டீ. கடைல வாங்குற சிடிசி தூளுக்கு அது ரொம்ப சரி, அந்தத் தூள் அதுக்காகவே செஞ்சது. ஆனா சீனாவுல வசந்தகாலத்துல கொழுந்தா பறிச்சு கையால வறுத்த டீய அதே மாதிரி போட்டா, இளசான கீரைய குக்கர்ல வச்சு ஆறு விசில் விட்ட கதைதான், நிறமும் போய்டும் வாசனையும் போய்டும்.

நான் வேலை விஷயமா ரெண்டு வருஷம் சூஜோ ஊர்ல இருந்தேன், ஷாங்காய்க்கு மேற்கால, ஜியாங்சு மாகாணம். அங்க ஆபீஸ்ல எனக்கு அடுத்த சீட்ல இருந்த அக்கா ஏப்ரல் மாசம் ஒரு சின்ன பொட்டலம் குடுத்தாங்க, எங்க ஊர் டீ, போட்டு குடிச்சுப் பாருன்னு. வீட்டுக்கு வந்து தளதளன்னு கொதிக்கற தண்ணிய ஊத்தி மூடி வச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு குடிச்சேன், நாக்கெல்லாம் துவர்த்து போச்சு. மறுநாள் சொன்னதும் அவங்க எதுவும் சொல்லாம ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து முதல்ல தண்ணிய ஊத்தினாங்க, கொஞ்ச நேரம் விட்டாங்க, அப்புறம் இலைய மேல தூவினாங்க. அதுதான் நான் முதமுதலா ஒழுங்கா குடிச்ச பீலுவோச்சுன். இங்க சொல்றதெல்லாம் அந்த டம்ளர்ல ஆரம்பிச்சு, அதுக்கப்புறம் வருஷா வருஷம் போட்டுப் போட்டு கத்துக்கிட்டது.

இது என்ன டீ

சூஜோ பக்கத்துல தாய்ஹூன்னு ஒரு பெரிய ஏரி, அதுல தோங்திங்னு ரெண்டு மலை. கிழக்கு மலை ஏரிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற நிலம், மேற்கு மலை தீவு. ஒரிஜினல் பீலுவோச்சுன் இந்த ரெண்டு இடத்துல விளையறதுதான். பீன்னா பச்சை, லுவோன்னா நத்தை, ச்சுன்னா வசந்தம். இலை நத்தை ஓடு மாதிரி சுருண்டு இருக்கும், அதான் பேரு. முன்னாடி இதுக்கு ஊர்க்காரங்க வச்ச பேருக்கு "ஆளையே மிரட்டற வாசனை"ன்னு அர்த்தம், 1699ல காங்ஷி பேரரசர் அந்தப் பக்கம் வந்தப்ப அந்தப் பேர் நல்லா இல்லன்னு இப்ப இருக்கற பேரை வச்சார்னு சொல்லுவாங்க.

அந்த மலைல தேயிலைச் செடி தனியா வரிசை கட்டி நிக்காது. ஊட்டில நாம பார்க்கற தோட்டம் மாதிரி நினைச்சுக்காதீங்க. லோக்வாட், பீச், ப்ளம், ஆரஞ்சு வகைன்னு பழமரங்களுக்கு நடுவுல, மரத்தடில தேயிலைப் புதர் இருக்கும். பழவாசனைய டீ இழுத்துக்குதுன்னு அங்க எல்லாரும் நம்புறாங்க. அதை விடுங்க, நிழல் இருக்கு பாருங்க, அது உண்மையிலயே வேலை செய்யுது. வெயில் அதிகம் பட்டா இலைல இருக்கற தியானின் குறைஞ்சு கேட்டக்கின் கூடும், தியானின்தான் இனிப்பும் ஒரு சூப் மாதிரி ருசியும் குடுக்கறது, கேட்டக்கின் கசப்பு துவர்ப்பு. நிழல்ல வளர்ந்த கொழுந்துல தியானின் நிறைய தங்கும். குளிர்காலக் கடைசில வர்ற உறைபனில இருந்தும் மரங்க செடிய காப்பாத்தும்.

பறிக்கறது ஒரு மொட்டு, அது கூட அப்பதான் விரியற ஒரே ஒரு இலை, மொத்தமே ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள. நல்ல தரத்துல அரை கிலோவுக்கு 60,000 துளிருக்கு மேல வேணும்னு கணக்கு. காலைல பறிச்சு, மதியம் வீட்டு வாசல்ல பெரியவங்க எல்லாம் மேஜைய சுத்தி உட்கார்ந்து ஒவ்வொண்ணா பொறுக்கி, சாயந்திரம் இரும்புச் சட்டில வறுப்பாங்க. சட்டி முதல்ல 200 டிகிரி கிட்ட சூடா இருக்கும், அந்தச் சூட்டுல இலைய கருப்பாக்குற என்ஸைம் செத்துடும், அதனாலதான் பச்சை பச்சையாவே நிக்குது. அப்புறம் சூட்டைக் குறைச்சு அதே சட்டிலயே உருட்டி, உள்ளங்கைல உருண்டை பிடிச்சு தேய்ச்சு தேய்ச்சு காய வைப்பாங்க, முக்கால் மணி நேரம் கிட்ட கை இலைய விடாது, இலை சட்டிய விடாது. இந்த உள்ளங்கை உருட்டல்லதான் இலை மேல இருக்கற வெள்ளை ரோமம் வெளில எழும்புது. நான் கிழக்கு மலைல ஒரு வீட்டுல நின்னு பார்த்தேன், அந்த மனுஷன் பேசவே இல்ல, கண்ணு சட்டிலயே இருந்துச்சு, கடைசில கைய விரிச்சப்ப விரலெல்லாம் மாவு தட்டின மாதிரி வெள்ளையா இருந்துச்சு.

இவ்வளவு விலை எதுக்குன்னு கேட்கறவங்களுக்கு அந்தக் கைதான் பதில்.

வாங்குறப்ப என்ன பார்க்கணும்

முதல்ல தேதி. சிங்மிங்னு ஒரு நாள் வரும், ஏப்ரல் 4 இல்ல 5, சீனாக்காரங்க முன்னோர் கல்லறைக்குப் போற நாள். அதுக்கு முன்னாடி பறிச்சது மிங்சியன், அதான் ரொம்ப விலை. அடுத்து ஏப்ரல் 20 வாக்குல கூயூன்னு ஒரு நாள், அதுக்குள்ள பறிச்சது யூசியன். நம்ம சித்திரை ஒண்ணாம் தேதி இந்த ரெண்டு நாளுக்கும் நடுவுல வருதுன்னு ஞாபகம் வச்சுக்கலாம். புதுசா ஆரம்பிக்கறவங்க மிங்சியன் பின்னாடி ஓடாதீங்க. அது ரொம்ப மெல்லிசான ருசி, பால் டீ குடிச்சுப் பழகின நாக்குக்கு முதல்ல வெறும் வெந்நி மாதிரி கூட தெரியும். சிங்மிங் தாண்டி ஒரு வாரத்துல பறிச்சதுல ருசி கொஞ்சம் தூக்கலா இருக்கும், விலையும் நல்லா இறங்கும், போடறப்ப சின்ன தப்பு நடந்தாலும் தாங்கும். தரம் அஞ்சா பிரிச்சிருப்பாங்க, ஸ்பெஷல்ல ரெண்டு, அதுக்கு கீழ ஒண்ணு ரெண்டு மூணு. ஒண்ணாம் தரம் 50 கிராம் வாங்குங்க, போதும்.

தேதிய வச்சே ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கலாம். தோங்திங்ல பறிப்பு தொடங்கறதே மார்ச் நடுவுக்கு மேலதான். பிப்ரவரிலயே இந்த வருஷ பீலுவோச்சுன் வந்தாச்சுன்னு யாராவது வித்தா அது சிச்சுவான், யூனான் மாதிரி சூடான பக்கத்துல இருந்து வந்த இலை, பீலுவோச்சுன் மாதிரி சுருட்டினது. அப்படி சுருட்டினது எல்லாமே மோசம்னு நான் சொல்லல, சிலது குடிக்க நல்லாவே இருக்கு, தைவான்லயும் சன்ஷியா ஊர்ல அவங்க பேரைப் போட்டே நேர்மையா விக்கறாங்க. தோங்திங் விலை வாங்கிக்கிட்டு வேற ஊர் இலைய குடுக்கறதுதான் தப்பு. பாக்கெட்ல தோங்திங்னு இருக்கா, எந்த வருஷம், எந்த மாசம் பறிச்சதுன்னு கேளுங்க. பறிச்ச தேதி சொல்ல மாட்டேங்குற கடைல நான் வாங்கறதில்ல.

அடுத்தது கண்ணால பார்க்கறது. சூஜோக்காரங்க சொல்ற அடையாளம் மூணு: உடம்பெல்லாம் ரோமம், செம்புக் கம்பி மாதிரி மெல்லிசு, தேனீயோட கால் மாதிரி வளைவு. கைல எடுத்தா சின்னதா, ஒல்லியா, வளைஞ்சு, பச்சையும் வெள்ளையும் கலந்து கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி தெரியணும். குண்டு குண்டா, தடிமனா, பெரிய மொட்டா இருந்தா அது வேற ஊர், வேற ரகச் செடி. பளிச்சுன்னு கிளிப்பச்சைல இருந்தாலும் வேணாம். ரோமத்தை உத்துப் பாருங்க, வெள்ளையா இருக்கணும், ரோமமே பச்சையா இருந்தா சாயம் ஏத்தினதுன்னு சந்தேகப்படலாம். மோந்து பார்த்தா லேசா பூவாசனை, வறுத்த பயறு கிட்ட வர்ற ஒரு இனிப்பு வாசனை, அவ்வளவுதான். தூக்கியடிக்கற மல்லிகை வாசனையோ பழ எசன்ஸ் வாசனையோ வந்தா எதையோ சேர்த்திருக்காங்க.

நேர்ல பார்த்து வாங்க முடியாதவங்க 25 கிராம் மட்டும் ஆர்டர் பண்ணுங்க, பெரிய டப்பா, சிவப்பு பெட்டி, பட்டுத்துணி பேக்கிங் எதுக்கும் காசு குடுக்காதீங்க.

தண்ணி

இதுக்கு தனியா தலைப்பு வச்சதுக்கு காரணம் இருக்கு, டம்ளர்ல இருக்கறதுல 98 பங்கு தண்ணிதான். போர் தண்ணி வேணாம், கால்சியம் அதிகம் இருந்தா டீ மேல ஏடு மாதிரி படியும், கலர் மங்கும், அந்த பூவாசனை அப்படியே அமுங்கிடும். கேன் தண்ணி இல்ல வீட்டு ஆர்ஓ தண்ணி போதும். சென்னை வந்ததும் முதல் வாரம் குழாய்த் தண்ணிய காய்ச்சி போட்டுட்டு டீ கெட்டுப் போச்சுன்னே நினைச்சேன், கேன் தண்ணில போட்டதும் பழைய ருசி வந்துச்சு, ஒரே பாக்கெட் ஒரே இலைதான்.

சூடு 75 டிகிரில இருந்து 80க்குள்ள. ஏன்னு தெரிஞ்சா மறக்காது: தியானின் சூடு கம்மியான தண்ணிலயும் கரைஞ்சு வந்துடும், கேட்டக்கின் தண்ணி சூடாக சூடாக வேகமா இறங்கும். 75ல போட்டா இனிப்பு வந்துடும், கசப்பு பின்தங்கி நிக்கும். 100ல போட்டா ரெண்டும் சேர்ந்து வரும், கசப்பு இனிப்பை மூடிடும். இவ்வளவு இளம் துளிர் வெந்தும் போய்டும், வேகவச்ச கீரை வாசனை அதனாலதான்.

தெர்மாமீட்டர் இல்லாதவங்களுக்கு நான் சொல்ற கணக்கு இது. தண்ணிய நல்லா கொதிக்க விடுங்க. கொதிச்சது ரெண்டு பங்கு, அறை சூட்டுல இருக்கற குடிதண்ணி ஒரு பங்கு, ரெண்டையும் கலந்தா நம்ம ஊர் வெக்கைல 76 டிகிரி கிட்ட வரும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் ஊர்ல இருக்கறவங்க நாலு பங்குக்கு ஒரு பங்கு. கலக்கப் பிடிக்கலன்னா கொதிச்ச தண்ணிய ஒரு பாத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்கு ரெண்டு மூணு தடவை ஆத்துங்க, ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட 10 டிகிரி குறையும், நமக்கு ஆத்தறதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. சீனாவுல பழைய ஆளுங்க குமிழிய வச்சே சொல்லுவாங்க, இறால் கண்ணு, நண்டுக் கண்ணு, மீன் கண்ணுன்னு. பாத்திரத்து அடில பொடிப்பொடியா இறால் கண்ணு மாதிரி குமிழி ஒட்டற நேரம்தான் இந்த டீக்கான சூடு. ஆனா காய்ச்சிக் குடிக்க வேண்டிய தண்ணின்னா கொதிக்க விட்டு ஆறவைக்கறதே நல்லது.

போடற விதம்

உயரமான கண்ணாடி டம்ளர், 200 மில்லி பிடிக்கறது, கைப்பிடி வேணாம், அலங்காரம் வேணாம், உள்ள நடக்கறது தெரியணும் அவ்வளவுதான். கொஞ்சம் வெந்நி ஊத்தி ஒரு சுத்து சுத்திக் கொட்டிடுங்க, டம்ளர் சில்லுனு இருந்தா தண்ணி சூடு சட்டுன்னு இறங்கிடும். இலை 3 கிராம். ஸ்பூன் கணக்கு சொல்ல மாட்டேன், ஏன்னா இந்த டீ பஞ்சு மாதிரி, ஒரு ஸ்பூன் ஒரு தடவை ஒரு எடை நிக்கும். குட்டி டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிடுங்க. 50 கிராம்ல 16 தடவை வரும்.

இப்ப தண்ணிய முதல்ல டம்ளர்ல முக்காலுக்கு கொஞ்சம் கம்மியா ஊத்துங்க. அதுக்கப்புறம் இலைய மேல தூவுங்க. தண்ணி முதல்ல, இலை அப்புறம், இதை மாத்தாதீங்க. சீனத்துல இதுக்கு ஷாங்தோவ்னு பேரு, மேல இருந்து போடறது. இலை மேல தண்ணிய ஊத்தினா வேகத்துல ரோமமெல்லாம் பிய்ஞ்சு டீ கலங்கும், இளம் துளிர் ஒரே இடத்துல சூட்டை வாங்கி வெந்துடும். பீலுவோச்சுன் சின்னதா இருந்தாலும் சுருள் கெட்டியா இருக்கறதால தானா மூழ்கும்.

இங்க ஒரு நிமிஷம் போனை கீழ வச்சுட்டு டம்ளரைப் பாருங்க. தூவினதும் இலை மேல ஒரு நொடி நிக்கும், அப்புறம் ஒண்ணு, ரெண்டுன்னு சுருண்டபடியே கீழ இறங்கும், இறங்கறப்ப ஒவ்வொண்ணும் பின்னாடி ஒரு வெள்ளை இழைய விட்டுக்கிட்டே போகும், அது ரோமம் உதிர்றது. அடிக்குப் போனதும் சுருள் மெதுவா பிரியும், ஒரு மொட்டும் ஒரு இலையும் கை விரிக்கற மாதிரி தெரியும், தண்ணி அடிப்பக்கம் மட்டும் முதல்ல பச்சை ஏறும், மேல இன்னும் வெறும் தண்ணியாவே இருக்கும். டம்ளரை வெளிச்சத்துல பிடிச்சா வெள்ளைப் பொடி மிதக்கும், அழுக்குன்னு நினைச்சு கொட்டிடாதீங்க, அது ரோமம்தான், அது இருக்கறதுதான் நல்ல இலைக்கு அடையாளம். லேசான கலங்கல் இந்த டீல தப்பில்ல.

மூடி போடக்கூடாது, மூடினா ஆவி உள்ளயே நின்னு இலை புழுங்கி வாசனை கெடும். ஒன்றரை ரெண்டு நிமிஷத்துல குடிக்க ஆரம்பிக்கலாம். சர்க்கரை, தேன், எலுமிச்சை எதுவும் வேணாம், பால் வேணவே வேணாம். முதல் வாய் ரொம்ப லேசா இருக்கும், முழுங்கின பிறகு தொண்டைல ஒரு இனிப்பு திரும்பி வரும், நெல்லிக்கா தின்னுட்டு தண்ணி குடிச்சா வருமே அந்த மாதிரி, அதுக்காகத்தான் இவ்வளவும்.

முழுசா குடிச்சு தீர்க்காதீங்க. மூணுல ஒரு பங்கு டம்ளர்ல இருக்கறப்பவே மறுபடி தண்ணி ஊத்துங்க, அப்பதான் ரெண்டாவது சட்டுன்னு சப்புன்னு போகாது. ரெண்டாவதுக்கு 80 டிகிரி, மூணாவதுக்கு இன்னும் கொஞ்சம் சூடு. எனக்கு ரெண்டாவதுதான் உயிர், வாசனையும் ருசியும் ஒண்ணா சேர்ற இடம் அது. மூணாவதோட முடிச்சுக்கலாம்.

கசக்குதுன்னா அடுத்த தடவை சூட்டை 5 டிகிரி குறைங்க. சப்புன்னு இருந்தா சூட்டைக் கூட்டாதீங்க, இலைய அரை கிராம் கூட்டுங்க. நிறைய பேர் இங்கதான் மாத்திப் பண்ணுவாங்க. கீழ் தரம், மே மாசம் பறிச்ச பெரிய இலைன்னா மட்டும் 85 வரைக்கும் போகலாம்.

வெறும் வயித்துல குடிக்காதீங்க, சிலருக்கு குமட்டும். இளம் மொட்டுல காஃபின் முத்தின இலைய விட அதிகம், லைட்டா இருக்கேன்னு ராத்திரி குடிச்சுட்டு தூக்கம் வரலன்னு சொல்லக்கூடாது. ரத்தசோகை இருக்கறவங்க சாப்பாட்டோட சேர்த்து குடிக்க வேணாம், கீரை பருப்புல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேர்றதை டீ தடுக்கும், ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்க.

வச்சுக்கறது

இந்த டீக்கு எதிரி அஞ்சு: சூடு, வெளிச்சம், காத்து, ஈரம், பக்கத்துல இருக்கற வாசனை. நம்ம ஊர் மழைக்கால ஈரத்துல திறந்த பாக்கெட் பத்து நாள்ல நமுத்துடும். வெளிச்சம் புகாத அலுமினிய கவர்ல போட்டு காத்தை அமுக்கி வெளிய தள்ளி, அதை ஒரு ஜிப் கவர்ல போட்டு, அதையும் மூடி இறுக்கமா இருக்கற ஸ்டீல் டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. மூணு உறையா, டூ மச்சா இருக்கேன்னு தோணும். ஒரு தடவை நான் வெறும் ஜிப் கவரோட வச்சேன், கீழ் தட்டுல அம்மா உரிச்சு வச்ச பூண்டு, ஒரே வாரம், 40 கிராம் மிங்சியன்ல பூண்டு வாசனை ஏறி அதை திரும்ப எடுக்கவே முடியல. அந்த இலைய பறிச்சவங்க கைய நினைச்சு ரொம்ப நாள் மனசு கேக்கல.

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் திறக்காதீங்க. சில்லுனு இருக்கற இலை மேல அறைக்காத்து பட்டா தண்ணி கோத்துக்கும், அந்த ஈரமே இலைய கெடுத்துடும். ரெண்டு மணி நேரம் மூடினபடியே வெளில வச்சு சூடு சமமானதும் திறங்க. இதுக்கு சுலபமான வழி, வாங்கினதும் 10 கிராம் 10 கிராமா பிரிச்சு சீல் பண்ணி வச்சுட்டு ஒவ்வொண்ணா வெளில எடுத்து ஒரு வாரத்துல முடிக்கறது.

அந்த வருஷ டீய அந்த வருஷமே குடிச்சுடணும், வருஷம் போகப் போக நல்லாகும்னு சொல்றது வேற டீங்களுக்கு, இதுக்கு இல்ல. அப்படியும் போன வருஷத்து இலை மீந்து மஞ்சள் அடிச்சுக் கெடந்தா, கெட்ட வாசனை இல்லன்னா, 5 கிராம அரை லிட்டர் குடிதண்ணில போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. காலைல வடிகட்டிக் குடிச்சா கசப்பே இல்லாம வெயிலுக்கு அவ்வளவு நல்லா இருக்கும்.

கடைசியா ஒண்ணு, மூணாவது தண்ணி முடிஞ்சதும் டம்ளர்ல இருக்கற இலைய குப்பைல போடறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் தட்டுல கொட்டி விரலால பிரிச்சுப் பாருங்க. எல்லாம் ஒரே அளவுல, ஒரு மொட்டு ஒரு இலையா, மெத்துன்னு, இளம் பச்சையா இருந்தா அந்த கடைக்காரர்கிட்ட அடுத்த ஏப்ரலுக்கு இப்பவே சொல்லி வச்சுடுங்க. பெருசும் சிறுசும் கலந்து, தண்டும் கிழிஞ்ச இலையுமா கெடந்தா அடுத்த வருஷம் வேற கடை பாருங்க.